மூன்று நாள் தேடல்

திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் நாம் செபமாலையில் தியானிக்கும் மகிழ்ச்சி மறைபொருள்களுள் ஐந்தாவது, காணாமற்போன இயேசுவைக் கோவிலில் கண்டடைந்தது. மரியன்னையின் ஏழு வியாகுலங்களைத் தியானிக்கும்போதோ, அதே நிகழ்ச்சி மூன்றாவது வியாகுலமாக நம்முன் வருகிறது. குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கிய நிகழ்ச்சியும் இவ்வாறே இரு வரிசைகளிலும் இடம்பெறுகிறது. அங்கே அது நான்காம் மகிழ்ச்சி, சிமியோனின் சொல்லால் முதல் வியாகுலம். பெற்ற பிள்ளை தங்களுக்கு மட்டுமே உரியவன் அல்லன் என்பதைப் பெற்றோர் உணர்ந்த இரு வேளைகளையும் நம் பக்தி மரபு மகிழ்ச்சியென்றும் துயரென்றும் ஒருங்கே எண்ணி வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

இவ்விரண்டனுள் பின்னது நிகழ்ந்தபோது இயேசுவுக்கு வயது பன்னிரண்டு. இன்றைய கணக்கில் சொன்னால், நடுநிலைப்பள்ளியில் ஏழாம் வகுப்பு. பிறப்புக்கும் திருமுழுக்குக்கும் இடைப்பட்ட நீண்ட மறைவாழ்விலிருந்து நற்செய்தியாளர்கள் நமக்கு விட்டுச்சென்ற வளரிளம் பருவக் காட்சி இது ஒன்றே. அதையும் லூக்கா ஒருவரே எழுதியிருக்கிறார். வழிபாட்டு ஆண்டின் மூன்றாண்டுச் சுழற்சியில், மூன்றாம் ஆண்டின் திருக்குடும்ப விழாவன்று இப்பகுதி நம் கோவில்களில் வாசிக்கப்படுகிறது.

அன்று நாம் கேட்கும் மறையுரைகளில் பெரும்பாலானவை ஓரிடத்தில் வந்து நிற்கும். இயேசு பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குக் கீழ்ப்படிந்து நடந்தார். ஆகவே பிள்ளைகளே, நீங்களும் கீழ்ப்படியுங்கள். உரை முடிந்துவிடும். இந்த வாசிப்பு பிழையானது அன்று. ஆனால் பன்னிரண்டு வாக்கியங்கள் கொண்ட ஒரு நிகழ்ச்சியைப் பதினொன்றாம் வாக்கியத்திலிருந்து தொடங்குவது நல்ல வாசிப்பாகாது. முதல் பத்து வாக்கியங்களில் நடப்பவை யாவும் பெரியோரைப் பற்றியவை: அவர்கள் எண்ணியது, தவறியது, திரும்பியது, தேடியது, வியந்தது, புரியாமல் நின்றது. பெரியோருக்கான பாடத்தை எடுத்துச் சிறுவரின் கையில் கொடுத்துவிட்டு நாம் இலகுவாக நடந்துவிடுகிறோம். இதனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் நம் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

பெயரற்ற பருவம்

நம் முன்னோர் இப்பருவத்தை அறியாதவர் அல்லர். உலா இலக்கியங்களில் பெண்ணின் பருவங்கள் ஏழு. அவற்றுள் பெதும்பை என்பது எட்டு முதல் பதினொன்று வயது வரை. மங்கை என்பது பன்னிரண்டும் பதின்மூன்றும். ஆறாண்டும் அதற்கு மேலும் ஒரே பெயருக்குள் அடங்கும் பிற பருவங்களுக்கிடையே, இரண்டே ஆண்டுகளுக்கு ஒரு தனிப்பெயர்! ஆண்களுக்கும் பாட்டியல் மரபில் பாலன், மீளி, மறவோன் எனத் தொடரும் பகுப்பு ஒன்று உண்டு. அதில் மறவோன் என்பது பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உள்ளவனைக் குறிக்கும். விரைந்து மாறும் காலத்தை நெருங்கி நின்று அளக்க வேண்டும் என்னும் நுட்பம் அக்கணக்கில் தெரிகிறது.

நம் பங்குகளின் கணக்கில் அந்த நுட்பம் இல்லை. மூன்றாம் நான்காம் வகுப்பில் புதுநன்மை. வெள்ளுடை, மெழுகுதிரி, புகைப்படம், விருந்து. அதன்பின் நெடுங்காலம் கழித்து இளையோர் இயக்கம். உறுதிப்பூசுதல் பல இடங்களில் உயர்நிலைப்பள்ளிப் பருவத்தை ஒட்டி வழங்கப்படுகிறது. இடையில் உள்ள ஆண்டுகளில் பிள்ளை மறைக்கல்வி வகுப்பில் ஓர் எண்ணாக இருக்கிறது. பாலர் சபைக்கு வளர்ந்த பிள்ளை. இளையோர் கூட்டத்துக்கு வளராத பிள்ளை.

இந்த இடைவெளி எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. 1910ஆம் ஆண்டுக்கு முன் பல நாடுகளில் பத்து முதல் பதினான்கு வயது வரை காத்திருந்த பின்பே சிறுவர் முதன்முறை நற்கருணை பெற்றனர். அவ்வாண்டு திருத்தந்தை பத்தாம் பயஸ், பகுத்தறியும் வயதாகிய ஏறத்தாழ ஏழு வயதிலேயே அதை வழங்க வேண்டும் என ஆணையிட்டார். அருள் பெறும் உரிமையைச் சிறு குழந்தைகளுக்கு மீட்டுத் தந்த அந்த ஆணைக்காக நாம் என்றும் நன்றியுடையோம். ஆயினும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதுவரை கோவிலின் நடுவே நின்ற இடம் அன்றே வெறுமையாயிற்று. அவ்விடத்தை வேறு எதனாலும் நாம் முழுமையாக நிரப்பவில்லை.

அண்மைக்காலத்திலும் இந்நிலை மாறவில்லை. 2018 அக்டோபரில் உரோமையில் இளையோரைக் குறித்து ஆயர் மாமன்றம் கூடியது. அதன் தயாரிப்பு ஏடு இளையோர் என்போரை ஏறத்தாழ 16 முதல் 29 வயது வரை உள்ளவர் என வரையறுத்தது. மாமன்றத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பதினாறு வயதில் கோவிலின் வாயிலுக்கு வெளியே நிற்கும் ஓர் இளைஞர், அங்கே நடந்து சென்ற தொலைவைப் பன்னிரண்டு வயதிலேயே தொடங்கியிருக்கக்கூடும். வாயிலில் நின்று அவரை அழைப்பதற்கு நாம் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையேனும் அவர் புறப்பட்ட இடத்தில் செலவிட்டிருக்கலாம்.

மாறுவன எத்தனை

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தொடக்கப்பள்ளி முடிகிறது. பெயர்சொல்லி அழைத்த ஓர் ஆசிரியையின் இடத்தில், பாடத்துக்கு ஒருவராக ஆறேழு ஆசிரியர் வருகின்றனர். நடந்து சென்ற பள்ளி பேருந்தில் செல்லும் பள்ளியாகிறது. சிலருக்கு அது விடுதியாகிறது. அரைக்கால் சட்டை முழுக்கால் சட்டையாகிறது. பாடகர் குழுவில் மேல்சுரத்தை எட்டிய குரல் ஒரு மழைக்காலத்துக்குள் உடைகிறது. நேற்றுவரை தோளில் கைபோட்டு நடந்த நண்பன் இன்று வேறொருவனோடு நடக்கிறான். கைப்பேசி வழியே, வீட்டில் எவரும் அறியாத ஓர் உலகம் திறக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு நேரும் மாற்றத்தை நாம் விழாவாகவே எடுக்கிறோம். அழைப்பிதழ் அச்சிடுகிறோம், பந்தல் போடுகிறோம், மாமன் சீர் வருகிறது, ஊரறியப் பதாகையும் வைக்கிறோம். இத்தனைக்கும் நடுவே, அலங்கரித்து அமர்த்தப்பட்ட அப்பிள்ளையின் உள்ளத்தோடு நம்பிக்கையின் மொழியில் பேசுவார் எத்தனை பேர்? உன் உடல் இறைவனின் கைவண்ணம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அஞ்சவும் ஒன்றுமில்லை என்று தனியே அமர்ந்து சொல்லும் ஓர் அருள்சகோதரியோ அன்பியத்து அக்காவோ அவளுக்கு வாய்க்கிறாரா? விழா முடிந்த மறுவாரம், இனி அங்கே நிற்காதே, இப்படி உட்காராதே என்னும் கட்டளைகள் மட்டும் வந்து சேர்கின்றன. திருப்பலியில் பீடப்பணியைச் சிறுமியரும் செய்யலாம் என உரோமை 1994இல் தெளிவுபடுத்தியது. ஆயினும், சிறுமியாக இருந்தபோது மகிழ்ச்சியோடு பீடத்தருகே நின்ற பிள்ளை, மங்கையானதும் தானாகவே பின்வரிசைக்கு நகர்வதை எத்தனை கோவில்களில் நாம் கண்டும் காணாமல் இருந்திருக்கிறோம்!

இவ்வளவு மாற்றங்களுக்கிடையே நம் பங்கு தன் பங்குக்கும் மாற்றங்களைச் சேர்க்கிறது. ஆண்டுதோறும் மறைக்கல்வி ஆசிரியர் மாறுகிறார். சில ஆண்டுகளுக்கொருமுறை பங்குத்தந்தை மாற்றலாகிச் செல்கிறார். பிள்ளைகளோடு நன்கு பழகிய அருள்சகோதரி வேறு இல்லத்துக்கு அனுப்பப்படுகிறார். இவற்றுக்கெல்லாம் நிர்வாகக் காரணங்கள் உண்டு. எனினும் எல்லாம் அசையும் வயதில், அசையாமல் நிற்கும் ஒரே ஒரு முகமாவது ஒரு பிள்ளைக்கு வேண்டும் என்பது நம் திட்டங்களில் இடம்பெறவில்லை.

பயணக்கூட்டத்தில் இருப்பான் என்று

இனி லூக்காவிடம் திரும்புவோம். பாஸ்கா விழா முடிந்து பெற்றோர் ஊர் திரும்புகின்றனர். நாசரேத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. நடையில் பல நாள் பயணம். மகன் பயணக்கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் நடந்துவிடுகின்றனர்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019 மார்ச் 25 அன்று கையெழுத்திட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் ஊக்கவுரையில் இக்காட்சியை அழகுற விளக்குகிறார். இயேசு தம் குடும்பத்துக்குள் அடைபட்டு வளரவில்லை. உறவினரும் ஊராருமாகிய பெரிய கூட்டத்துக்குள் தாராளமாக வந்துபோய்ப் பழகினார். ஆதலால்தான் பெற்றோர் அவரை அங்கே தேடவும் இல்லை, ஐயுறவும் இல்லை என்பது அவர் விளக்கம். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் இக்காலத்தில் இது மிகவும் வேண்டிய வாசிப்பு. ஆயினும் ஒன்றை நாம் பணிவோடு கூட்டிச் சொல்ல வேண்டும். பெற்றோரின் அந்த நம்பிக்கை நல்லது. ஆனால் அந்த ஒரு நாளில் அது தவறாகிவிட்டது. மகன் கூட்டத்தில் இல்லை. நல்ல பெற்றோருக்கும், அதுவும் திருக்குடும்பத்துக்கே, இவ்வாறு நேர்ந்தது என்பதை லூக்கா மறைக்கவில்லை.

நம் பங்கு வாழ்விலும் முன்பு ஒரு பயணக்கூட்டம் இருந்தது. உபதேசியார் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையையும் பெயரோடு அறிந்திருந்தார். மாலைச் செபத்துக்கு மணி அடித்தால் கெபியின் முன் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் கூடினர். ஒரு பிள்ளை இரு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் எவரேனும் கேட்டனர். இன்று பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன; ஞாயிறு காலையிலும் தனிப்பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன; ஒரே தெருவில் வாழ்வோர் வெவ்வேறு திருப்பலிகளுக்குச் செல்கின்றனர். கூட்டம் கலைந்துவிட்டது, பிள்ளை அதில் இருப்பான் என்னும் எண்ணம் மட்டும் நம்மிடம் எஞ்சி நிற்கிறது.

சிவப்பு மையில் ஒரு கோடு

இதை எழுதும் நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்லோம். ஒரு பங்கில் ஏழாம் வகுப்புக்கு மறைக்கல்வி கற்பித்த ஆண்டில், நம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பீடச்சிறுவன், குரல்வளம் உள்ளவன், கேட்ட கேள்விக்கு முதலில் கை உயர்த்துபவன். சூன் மாதத்துக்குப் பின் அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் வாரந்தோறும் குறியிட்டு வந்தோம். வேறு திருப்பலிக்குப் போகிறான் போலும், தனிப்பயிற்சி வகுப்பு இருக்கும் போலும் என்று எண்ணிக்கொண்டோம். அரையாண்டுக்குப் பின் அவன் பெயரின்மீது சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தோம். பதிவேடு சீராக இருக்க வேண்டும் அல்லவா?

ஓராண்டு கழித்துப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டோம். தந்தை வீட்டைவிட்டுப் போய்விட்டார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தம் அண்ணன் வீட்டில் அடைந்திருந்தார். அவன் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டிருந்தான். அதே மாதத்தில் பாட்டுப் பயிற்சியின்போது குரல் உடைந்து மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். பின்பு, குறையாகவும் இல்லாமல், "நீங்க வந்து கேப்பீங்கன்னு ரெண்டு மூணு வாரம் பாத்தேன் சார்" என்றான். அவன் மாமனின் வீடு, நம் கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

மரியாவும் சூசையப்பரும் மகனைக் காணவில்லை என்று அறிந்ததும், வந்த வழி முழுவதையும் திரும்பி நடந்தனர். நாம் இரண்டு தெரு நடக்கவில்லை. மூன்று நாள் தேடல் என்னும் சொல்லின் கனம் அன்றுதான் நமக்கு உறைத்தது. உயிர்ப்பின் மூன்றாம் நாளை இதில் முன்னோட்டமாகக் காணும் விவிலிய அறிஞர்கள் உண்டு. அது உயர்ந்த பொருள். நமக்கு அன்று விளங்கியது மிக எளிய பொருள்: காணாமற்போன பிள்ளையைத் தேடுவது அரைநாளில் முடியும் வேலையன்று, ஆனால் தேடாமலிருக்கக் காரணம் சொல்வது அரை நிமிட வேலை.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவன் வளனாகிய சூசையப்பர். அக்காப்பியத்தின் மூன்றாம் காண்டத்தில், பிரிந்த மகனைக் காணும் இந்நிகழ்ச்சிக்கு ஒரு தனிப்படலமே உண்டு. லூக்கா சில வாக்கியங்களில் கடந்துசென்றதைக் காப்பியப் புலவர் நின்று பாட வேண்டும் எனக் கண்டார். நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத அந்தத் தந்தையின் தேடல் பாடுபொருளாகத் தகுந்தது என்பதைத் தமிழ்க் கத்தோலிக்க இலக்கியம் இருநூற்றாண்டுகளுக்கும் முன்பே உணர்ந்திருந்தது.

கேட்பவனாக அமர்ந்த பிள்ளை

மூன்றாம் நாள் அவரைக் கண்டபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? நம் வீட்டுப் படங்கள் பலவற்றில் அவர் உயரமான இடத்திலிருந்து கைநீட்டி முதியோருக்குப் போதிக்கிறார். லூக்கா தீட்டும் படம் வேறு. போதகர்களின் நடுவே அவர் அமர்ந்திருக்கிறார். முதலில் அவர்கள் சொல்வதைச் செவிமடுக்கிறார். பின்பு வினா எழுப்புகிறார். அவருடைய மறுமொழிகளைக் கேட்டுப் பிறர் வியந்தது அதற்கும் பின்னரே கூறப்படுகிறது. அந்த முதிய போதகர்களை நாம் பாராட்டியாக வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தங்கள் நடுவே அமர்த்தி, அவன் வினாக்களுக்கு நேரம் ஒதுக்கியவர்கள் அவர்கள். நம் மறைக்கல்வியில் வினா எழுப்புபவர் யார்? தேர்வுத்தாளில் நாம் கேட்கிறோம். பிள்ளை மனப்பாடம் செய்ததை எழுதுகிறது. விவிலிய வினாடிவினாவில் பரிசும் பெறுகிறது. என் தம்பி ஏன் இறந்தான், நான் செபித்தும் அப்பா ஏன் குடியை விடவில்லை என்று அது கேட்க விரும்பும் வினாவுக்கு வகுப்பில் இடமில்லை.

பெற்றோர் வந்ததும் தாய் பேசுகிறார். அவர் கூறுவது தீர்ப்பன்று. மகனே, ஏன் இப்படிச் செய்தாய் என்னும் வினா. தங்கள் கலக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. மகனின் மறுமொழியும் வினாவாகவே வருகிறது. இந்நற்செய்தியில் இயேசு பேசுவதாக வரும் முதல் சொற்களே ஒரு வினாதான். அவர்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்று லூக்கா வெளிப்படையாக எழுதுகிறார். அருள் நிறைந்தவருக்கும் நேர்மையாளருக்கும் தம் பன்னிரண்டு வயது மகன் புரியவில்லை! இதைவிடப் பெரிய ஆறுதல் இன்றைய பெற்றோருக்கு வேறென்ன வேண்டும்? புரியாதபோது மரியா விளக்கத்தை வற்புறுத்தவில்லை, தண்டிக்கவும் இல்லை. யாவற்றையும் தம் உள்ளத்தில் வைத்துக் காத்தார். அதன்பிறகே கீழ்ப்படிதல் வருகிறது. தேடப்பட்டு, கேட்கப்பட்டு, சினந்து தள்ளப்படாத ஒரு பிள்ளையின் கீழ்ப்படிதல் அது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் நாம் கேட்பது விதைக்காமல் அறுக்கப் போவதற்கு ஒப்பாகும்.

புனிதர் கதைகளில் நாம் விட்டது

இப்பருவத்தினருக்கு நாம் சொல்லும் கதைகளையும் இவ்விடத்தில் ஆராய வேண்டும். புனித தோமினிக் சாவியோவின் கதை நம் மறைக்கல்வியில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1842இல் பிறந்து, 1854இல் தூரின் நகரில் தொன் போஸ்கோவின் இல்லத்துக்கு வந்து, 1857 மார்ச் 9 அன்று பதினைந்து நிறைவதற்குள் இறந்த சிறுவர் அவர். கல்லெறிந்து சண்டையிடச் சென்ற இரு மாணவர்களுக்கு நடுவே பாடுபட்ட சுரூபத்தை உயர்த்தி நின்றதும், பிறர் செய்த குறும்புக்குத் தாம் பழி ஏற்று மௌனமாய் இருந்ததும் நாம் வழக்கமாகச் சொல்பவை. கேட்கும் பிள்ளைக்கு அவர் பிறக்கும்போதே முழுமையடைந்தவராகத் தோன்றுகிறார். தன் உடலும் உள்ளமும் வாரத்துக்கு ஒரு வண்ணம் மாறுவதைக் கண்டு திகைக்கும் பிள்ளைக்கு, மாறாத சிலையொன்றைக் காட்டினால் அது வணங்கும், ஆனால் நெருங்காது.

தொன் போஸ்கோ 1859இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலோ வேறொரு பகுதியும் உண்டு. புனிதராவது எல்லாருக்கும் இயலும் என்னும் மறையுரையைக் கேட்ட சாவியோ, பல நாள் வழக்கமான கலகலப்பின்றி ஒடுங்கிப் போகிறார். தொன் போஸ்கோ அதைக் கவனிக்கிறார். உடல்நலம் இல்லையா என வினவுகிறார். சிறுவரின் உள்ளத்தில் எரிவது என்ன என்பதைக் கேட்டறிகிறார். பின்னர் அவர் காட்டிய வழி: மகிழ்ச்சியாக இரு, படிப்பையும் செபத்தையும் ஒழுங்காகச் செய், தோழர்களோடு விளையாடத் தவறாதே. குளிர்காலத்தில் போர்வையைக் குறைத்துக்கொண்டு அச்சிறுவர் தவம் செய்ததையும் அவர் தடுத்துவிடுகிறார். சிறுவரின் மாற்றத்தைக் கண்ணால் கண்ட ஒரு பெரியவர், மறையுரையோடு தம் பணி முடிந்ததெனக் கருதாத ஒரு பெரியவர், அப்பக்கங்களில் இருக்கிறார். நாம் பிள்ளைகளுக்குச் சாவியோவைச் சொன்னோம். நமக்கு நாமே தொன் போஸ்கோவைச் சொல்லிக்கொள்ளவில்லை.

2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிசைப் பற்றியும் நம் பங்குகளில் இப்போது பேசத் தொடங்கியுள்ளோம். 1991இல் பிறந்து 2006இல் பதினைந்து வயதில் இறந்தவர், கணினியை அறிந்தவர், நம் பிள்ளைகளின் காலத்துக்கு அண்மையானவர். அவரையும் இன்னொரு சிலையாக்கி, அவரைப்போல் நீ ஏன் இல்லை என்று கேட்கும் கோலாக்கிவிடாமல் இருப்பது நம் பொறுப்பு.

செய்யக்கூடியவை சில

புதிய இயக்கமோ புதிய பதாகையோ இதற்கு வேண்டுவதில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு சிறு குழுவை ஏற்கும் மறைக்கல்வி ஆசிரியர், எட்டாம் வகுப்பு முடியும்வரை அக்குழுவோடு தொடர்ந்து செல்லலாம். பாடநூல் மாறட்டும்; முகம் மாற வேண்டியதில்லை. இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் ஞாயிற்றுக்குள் ஒருவர் செல்வது என அன்பியம் தோறும் ஒரு வழக்கத்தை உண்டாக்கலாம். ஏன் வரவில்லை என்று கண்டிக்க அன்று, நலமா என்று கேட்க. குரல் உடைந்த சிறுவனுக்குப் பாடகர் குழுவில் தாளக்கருவியையோ ஒலிபெருக்கிப் பணியையோ கொடுத்து அவனை இருத்திக்கொள்ளலாம். கிறிஸ்து பிறப்புக் குடில் அமைப்பதை முழுவதும் இவ்வயதினரிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். கோணலாக அமைந்தால் கோணலாகவே இருக்கட்டும். குடும்பம் ஊர் மாறினால், புதிய பங்கில் ஒருவருக்காவது அப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அனுப்பலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையோடு உடன்நடப்பது எப்போதும் திறந்த இடத்தில், பெற்றோரின் அறிவோடு, பிறர் காணும்படி நடக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்புக்காக 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தைப் பங்கின் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது கடமை. திருச்சபைக்குள்ளும் பிள்ளைகளின் நம்பிக்கை சிதைக்கப்பட்டதுண்டு என்னும் துயர உண்மையை மறைத்துவிட்டு உடன்நடத்தலைப் பற்றி எழுத நமக்கு உரிமையில்லை. போதகர்களின் நடுவே இயேசு அமர்ந்திருந்த இடமும் எல்லாரும் வந்துபோகும் கோவில் முற்றமே.

ஆண்டுக்கு ஓர் அங்கி

இயேசு ஞானத்திலும் வளர்ச்சியிலும் அருளிலும் பெருகினார் என லூக்கா இக்காட்சியை முடிக்கும்போது, பழைய ஏற்பாட்டின் ஒரு சிறுவனை நமக்கு நினைவூட்டுகிறார். சாமுவேலின் முதல் நூலில், கோவிலில் வளர்ந்த சாமுவேலைக் குறித்தும் இதையொத்த சொற்களே வருகின்றன. இறைவன் அழைத்தபோது சாமுவேலுக்குப் பன்னிரண்டு வயது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். அச்சிறுவனுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. மும்முறை தவறாக ஏலியிடம் ஓடினான். இருமுறை திருப்பி அனுப்பிய முதியவர் மூன்றாம் முறை புரிந்துகொண்டு வழிகாட்டினார். நள்ளிரவில் மூன்றாம் முறை எழுப்பப்பட்டும் அவர் சினக்கவில்லை.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. விரைந்து படிப்பவர் கண்ணில் படாமல் போகக்கூடியது. சாமுவேலின் தாய் அன்னா, ஆண்டுதோறும் பலி செலுத்த வரும்போது மகனுக்கு ஒரு சிறு அங்கி தைத்து எடுத்து வருவார். மகன் அருகில் இல்லை. இவ்வாண்டு எவ்வளவு உயர்ந்திருப்பான், தோள் எவ்வளவு அகன்றிருக்கும் என்று எண்ணி எண்ணித் தைத்திருப்பார். சென்ற ஆண்டின் அங்கி இவ்வாண்டு பொருந்தாது என்பதை அத்தாய் குறையாகக் கருதவில்லை. புதிதாக அளந்து தைத்தார்.

நாமோ புதுநன்மைக்குத் தைத்த வெள்ளுடையையே ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் மாட்டப் பார்க்கிறோம். பொருந்தவில்லை என்றால் பிள்ளையைக் குறை கூறுகிறோம்.

பேருந்து நிலையத்தில் கண்ட அச்சிறுவன் இன்று வளர்ந்துவிட்டான். கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்கு வருகிறான், கோவிலுக்குள் வருவதில்லை, வாயிலருகே வேப்பமரத்தடியில் நிற்கிறான். திருப்பலி முடிந்ததும் நாம் அவனிடம் சென்று பெயர்சொல்லி அழைத்து நலம் கேட்கிறோம். அவன் சிரிக்கிறான். அந்த மூன்று நாள் தேடலை நாம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம்.